உதடு பாபியோடது... குரல்?

2010, டிசம்பர் 30. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு ஹோட்டல் அறை. முந்தின நாள் ராத்திரி மேடையில் ஆடிவிட்டு வந்து படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. வயது 61. பெயர் பாபி ஃபேரல். 'போனி எம்' குழுவில் சட்டை பட்டனைத் திறந்து போட்டுக்கொண்டு, சுருட்டை முடி பறக்கச் சுழன்று சுழன்று ஆடுவாரே, அவர்தான்.

அதே ஊர். அதே டிசம்பர் 30. ஆனால் வருஷம் 1916. அன்றைக்குக் கொலை செய்யப்பட்டவர் கிரிகோரி ரஸ்புடின். ஜார் மன்னர் குடும்பத்தை ஆட்டிப் படைத்ததாகச் சொல்லப்பட்ட அந்தத் தாடிச் சாமியாரைப் பற்றிய பாட்டுக்குத்தான் பாபி ஃபேரல் உலகமெல்லாம் போய் ஆடினார். சினிமாவில் இப்படி ஒரு க்ளைமாக்ஸ் வைத்தால், 'கொஞ்சம் ஓவரா இருக்கு சார்' என்று தயாரிப்பாளரே வெட்டச் சொல்வார்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. ரஸ்புடின் பாட்டில் கேட்கிற அந்தக் கட்டைக் குரல் பாபியுடையது இல்லை. ரெக்கார்டில் பாடியவர் வேறு ஆள். பாபி வாயசைத்தார், அவ்வளவுதான்!

'நைட்ஃப்ளைட் டு வீனஸ்' ஆல்பத்தைப் போன வாரம் உட்கார்ந்து முழுசாக இரண்டு தடவை கேட்டேன். 1978-இல் வந்த ஆல்பம். என் வயசுக்காரர்களிடம் அது கேசட்டாக வந்து சேர எட்டு, பத்து வருஷம் ஆனது. வளைகுடாவிலிருந்து லீவில் வரும் மாமாவோ சித்தப்பாவோ ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவருவார். கூடவே சென்ட் பாட்டில், டார்ச் லைட், நாலைந்து கேசட். அது இல்லாத வீடுகளுக்குத் தெருமுனை ரெக்கார்டிங் கடை இருந்தது. காலி கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் பாட்டு பிடித்துத் தருவார்கள். ஆல்பம் சுமார் முக்கால் மணி நேரம். கேசட்டோ அறுபது நிமிஷம். மிச்ச இடத்தில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு 'ஆபா' பாட்டு இரண்டு, மூன்று போட்டு நிரப்பிக் கொடுப்பார். அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் 'போனி எம்' என்று மட்டும் எழுதியிருக்கும். படம் கிடையாது. பாடியவர் பெயர் கிடையாது. இசையமைத்தவர் பெயரும் கிடையாது.

பெயர் இல்லாத அந்த அட்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது.

* * *

முதலில் ஆல்பத்துக்கு மார்க் போட்டுவிடுவோம்.

ஆரம்பமே அட்டகாசம். டிரம்ஸ் மட்டும் தடதடக்க, இயந்திரக் குரல் ஒன்று விண்கலத்தில் வெள்ளிக் கிரகத்துக்குக் கூப்பிடுகிறது. விமானத்தையே அண்ணாந்து பார்த்த காலத்தில் இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த டிரம்ஸ் நிற்காமலே 'ரஸ்புடின்' பாட்டுக்குள் போய் விழுகிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியே இல்லை. இன்றைக்கும் அந்த இடத்தில் கால் தானாகத் தாளம் போடுகிறது. போனி எம் ரெக்கார்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தவர்களில் ஒருவர் கீத் ஃபோர்ஸி. பிற்பாடு 'ஃப்ளாஷ்டான்ஸ்' படப் பாட்டுக்காக ஆஸ்கர் வாங்கிய மூவரில் ஒருவர். சும்மா ஆளில்லை.

'ரஸ்புடின்' சரித்திரமாகப் பார்த்தால் பூஜ்யம் மார்க். மகாராணி அலெக்சாண்ட்ராவுக்கும் ரஸ்புடினுக்கும் காதல் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது அரண்மனைக்கு ஆகாதவர்கள் கிளப்பிவிட்ட வம்பு. இளவரசன் அலெக்ஸிக்கு ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய். பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று தவித்த தாய், ஒரு சாமியாரை நம்பினாள். பாட்டு அந்தத் தாயை விட்டுவிட்டு வம்பை எடுத்துக்கொண்டது. ஆனால் வம்புதானே ஆடுவதற்குத் தோதானது! 1978 டிசம்பரில் மாஸ்கோவில் கச்சேரி செய்யப் போனபோது இந்த ஒரு பாட்டை மட்டும் சோவியத் அரசு பாட விடவில்லை.

அடுத்து வருகிற 'பெயின்டர் மேன்' சுமார். 'ஹி வாஸ் எ ஸ்டெப்பன்வுல்ஃப்' ஏறக்குறைய ஏழு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் தாராளமாகக் குறைத்திருக்கலாம். ரோஜர் மில்லரின் 'கிங் ஆஃப் தி ரோட்', நீல் யங்கின் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' இரண்டும் இரவல் சரக்கு. ஊர் ஊராகத் திரிகிற நாடோடியையும், தேடி அலைகிற தனி மனிதனையும் கூட்டி வந்து டிஸ்கோ விளக்குக்குக் கீழே நிற்க வைத்தால் அவர்களுக்குக் கண் கூசாதா? கூசுகிறது. சின்ன வயசிலேயே நாங்கள் ஃபார்வர்ட் பட்டனை அழுத்திய பாட்டுகள் இவை. குழந்தைகளின் ரசனையைக் குறைத்து எடை போடாதீர்கள்.

மிச்சத்தில் முக்கியமானவை இரண்டு பாட்டு. 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்', 'ப்ரவுன் கேர்ள் இன் தி ரிங்'. பிரிட்டனில் ஒரே சிங்கிள் ரெக்கார்டின் இரண்டு பக்கமாக வந்து 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றவை. அவற்றுக்கு அப்புறம் வருகிறேன்.

* * *

இப்போது அந்தக் குரல் விவகாரம்.

ஃப்ராங்க் ஃபாரியன் என்று ஒரு ஜெர்மன்காரர். சமையல் கலை படித்தவர், பாட்டுப் பைத்தியம். 1975-இல் தனியாக ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒரு டான்ஸ் பாட்டு தயாரித்தார். கட்டைக் குரலும் அவரே, கீச்சுக் குரலும் அவரே. தன் பெயரைப் போடாமல் 'போனி எம்' என்று போட்டார். அந்தப் பெயரே டி.வி-யில் பார்த்த 'போனி' என்ற ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடரிலிருந்து எடுத்தது. அந்தத் துப்பறிவாளர் கதைப்படி பாதி ஆஸ்திரேலியப் பழங்குடி. நடித்தவரோ நியூசிலாந்து வெள்ளைக்காரர். ஆக, குழு பிறப்பதற்கு முன்னாலேயே பெயரில் இரவல் முகம் வந்து ஒட்டிக்கொண்டது.

பாட்டு பிரபலமாகிவிட்டது. டி.வி-க்காரர்கள் 'குழுவை அனுப்புங்கள்' என்கிறார்கள். குழு எங்கே இருக்கிறது? ஃபாரியன் ஆள் தேடினார். கரீபியத் தீவான அருபாவில் பிறந்த பாபி ஃபேரல் வந்தார். மான்ட்செராட் தீவின் மெய்ஸி வில்லியம்ஸ் வந்தார். ஜமைக்காவில் பிறந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த மார்ஷியா பாரெட்டும் லிஸ் மிட்செலும் வந்தார்கள். நாலு பேர். ஆனால் ரெக்கார்டில் பாடியவர்கள் மார்ஷியா, லிஸ், கூடவே ஃபாரியன். ஆண் குரல் எல்லாம் ஃபாரியனுடையது. பாபியும் மெய்ஸியும் மேடைக்கும் படத்துக்கும். 'ரஸ்புடின்' நடுவில் வசனம் பேசுகிறாரே ஒருவர், அவரும் இந்த நாலு பேரில் இல்லை. அப்போது ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படைவீரர் பில் ஸ்விஷர்.

நான் பி.காம் படித்தவன். பார்ட்னர்ஷிப் பாடத்தில் இரண்டு வகைக் கூட்டாளிகள் வருவார்கள். முதல் போட்டுவிட்டு வெளியே தலை காட்டாதவர் ஸ்லீப்பிங் பார்ட்னர். முதல் போடாமல் பெயரை மட்டும் கொடுப்பவர் நாமினல் பார்ட்னர். போனி எம் கம்பெனியில் ஃபாரியன் தலை காட்டாத கூட்டாளி, ஆனால் தூங்கவே இல்லை. வேலை முழுக்க அவர்தான். பாபி பெயருக்குப் பதில் உடம்பைக் கொடுத்த கூட்டாளி. எங்கள் புரொபசரிடம் இந்தக் கம்பெனியைக் கொடுத்திருந்தால், புதுசாக ஒரு வகை சேர்த்து பரீட்சையில் பதினைந்து மார்க் கேள்வியே கேட்டிருப்பார்.

பத்து வருஷம் கழித்து ஃபாரியன் இதே வித்தையை 'மில்லி வனில்லி' என்ற பெயரில் மறுபடி செய்தார். ராப் பிலாட்டஸ், ஃபேப் மோர்வன் என்று இரண்டு அழகான இளைஞர்கள். 1990-இல் கிராமி விருது வாங்கினார்கள். அதே வருஷம் நவம்பரில், ரெக்கார்டில் பாடியது அவர்கள் இல்லை என்று ஃபாரியனே போட்டு உடைத்தார். விருதைப் பிடுங்கிவிட்டார்கள். உலகம் அந்த இரண்டு பையன்களைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. ராப் பிலாட்டஸ் போதைப் பழக்கத்தில் சிக்கி 1998-இல் செத்துப்போனார். திட்டம் போட்ட ஃபாரியன் 2024 ஜனவரியில், 82 வயசில், மயாமியில் காலமானார். இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாயசைத்தவன் கொடுத்த விலையையும், வாயசைக்கச் சொன்னவர் கொடுத்த விலையையும் கூட்டினால் கணக்கு டேலி ஆகவில்லை.

* * *

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும். வர வேண்டும். 'அட, இதில் என்னய்யா மோசடி? நம்ம ஊரில் இதுதானே தொழிலே!'

நியாயமான கேள்வி. எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ். பாடினார், சிவாஜிக்கும் டி.எம்.எஸ். பாடினார். தியேட்டரில் யாரும் எழுந்து 'ஏமாற்று வேலை' என்று கூச்சல் போட்டதில்லை. இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகப் பாடுகிறாரே என்று வியந்தோம். குரல் ஒருவர், முகம் ஒருவர் என்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. அந்த வகையில் மில்லி வனில்லிக்காக அமெரிக்கா கொதித்தபோது நம்மால் முழுசாகக் கொதிக்க முடியவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. டி.எம்.எஸ். பெயர் டைட்டிலில் வந்தது. இசைத்தட்டில் வந்தது. 'பாடியவர் டி.எம். சௌந்தரராஜன்' என்று ரேடியோ சொன்னது. ஆரம்பத்தில் நம் நாட்டிலும் இந்தப் பழக்கம் இல்லை. 1949-இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் இசைத்தட்டில், பாடிய லதா மங்கேஷ்கர் பெயர் இல்லை. பாடியவர் 'காமினி' என்று போட்டிருந்தார்கள். காமினி அந்தப் படத்தில் வரும் கதாபாத்திரம்! பாட்டைக் கேட்டவர்கள் 'யார் இது, யார் இது' என்று ரேடியோவுக்கு எழுதித் தள்ள, கடைசியில் பெயர் வெளியே வந்தது. ஒரு குரலுக்கு அதன் பெயர் கிடைக்க ஜனங்கள் கடிதம் போட வேண்டியிருந்தது.

ஆக, குரலை இரவல் கொடுப்பது தப்பில்லை, வாங்குவதும் தப்பில்லை. பில் போடாமல் வாங்குவதுதான் தப்பு.

அதற்காக பாபி ஃபேரலை வெறும் பொம்மை என்று சொல்லிவிட முடியுமா? 'ரஸ்புடின்' வீடியோவைப் பாருங்கள். அந்த மனிதர் குதிக்கிறார், உட்காருகிறார், கண்ணை உருட்டுகிறார், தோளைக் குலுக்குகிறார். அந்தப் பாட்டின் பாதி அவர் உடம்பில் இருக்கிறது. 2021-இல் 'மெஜஸ்டிக்' என்ற டிஜே அந்தப் பாட்டை ரீமிக்ஸ் செய்து விட்டார். செல்போனில் உலகமே ஆடியது. அதே வருஷம் கேரளத்தில் இரண்டு மருத்துவ மாணவர்கள் இதே பாட்டுக்கு ஆடிய வீடியோ வைரலானது. ஆடிய இருவரின் மதம் வேறு வேறு என்று யாரோ கிளப்பிவிட, அதற்குப் பதிலடியாக மாணவர் கூட்டமே சேர்ந்து ஆடியது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஃபாரியனின் குரல் மட்டுமா? 'இந்தப் பாட்டு ஆடுவதற்கு' என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர் பாபி. அவரை 'நடனம்: பாபி ஃபேரல்' என்று நேர்மையாகப் போட்டிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. பாடகர் என்று நிற்க வைத்ததால் அவர் செய்த நிஜமான வேலைக்கும் பெயர் கிடைக்காமல் போனது. மோசடியில் இழந்தவர் பட்டியலில் ரசிகனுக்கு முன்னால் பாபி நிற்கிறார்.

* * *

இப்போது அந்த இரண்டு பாட்டுக்கு வருவோம்.

'ப்ரவுன் கேர்ள் இன் தி ரிங்' ஜமைக்காவில் குழந்தைகள் வட்டமாக நின்று ஆடும் விளையாட்டுப் பாட்டு. நடுவில் ஒரு சிறுமி நிற்பாள், சுற்றி மற்றவர்கள் கைகோத்துப் பாடுவார்கள். நம் ஊர்த் தெருக்களிலும் இப்படி எத்தனையோ விளையாட்டுகள் இருந்தன. பாடுபவர் லிஸ் மிட்செல். ஜமைக்காவில் பிறந்து சிறுமியாக லண்டனுக்குப் போனவர். தன் மண்ணின் விளையாட்டைத்தான் அவர் மைக் முன்னால் ஆடுகிறார்.

'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' இன்னும் ஆழமானது. அது ஃபாரியன் எழுதிய பாட்டு இல்லை. ஜமைக்காவின் 'தி மெலோடியன்ஸ்' குழு 1970-இல் வெளியிட்டது. வரிகள் பெரும்பாலும் பைபிளின் 137-ஆம் சங்கீதம். ஊரை இழந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்கள், ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். பிடித்துவந்தவர்களோ 'உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடுங்க, கேட்போம்' என்று வேடிக்கை கேட்கிறார்கள். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்பதுதான் அந்தச் சங்கீதத்தின் தவிப்பு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது யூதர் கதையாக மட்டுமா கேட்டிருக்கும்? எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹெய்லி செலாசியைத் தெய்வமாகக் கொண்டாடும் ராஸ்தஃபாரி மக்கள், அவரைக் குறிக்கும் சொற்களைப் பாட்டில் சேர்த்தார்கள். போனி எம் பதிப்பில் அந்தச் சொற்கள் எடுக்கப்பட்டு, எல்லோருக்கும் பொதுவான சொற்கள் வந்து உட்கார்ந்தன. பாட்டு எழுதியவர்கள் பட்டியலில் மெலோடியன்ஸ்காரர்களோடு ஃபாரியன் பெயரும் சேர்ந்துகொண்டது.

கவனித்தீர்களா? குரலுக்குப் பெயர் போடத் தயங்கியவர், காசு வருகிற இடத்தில் பெயர் போடத் தயங்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு கேட்டால் பாட்டு கசக்க வேண்டும் இல்லையா? கசக்கவில்லை. ஹெட்போனில் லிஸ் மிட்செல் குரல் தனியாக மேலே எழும்பும்போது, தாளம் எல்லாம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறது. மேலே பூசிய டிஸ்கோ மினுமினுப்பு பழசாகிவிட்டது. அந்தக் குரல் பழசாகவில்லை. ஜமைக்காவில் பிறந்து, லண்டனில் வளர்ந்து, ஜெர்மனியில் பிழைக்கப் போன பெண், 'அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவேன்' என்கிற பாட்டைப் பாடுகிறாள். கேட்டவர் ஒரு ஜெர்மன் தயாரிப்பாளர். பாடச் சொன்னார், பாடினாள். அந்தச் சங்கீதம் அந்த ஸ்டுடியோவிலேயே இன்னொரு முறை நடந்திருக்கிறது. நாம் அதற்குத்தான் பர்த்டே பார்ட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தோம்.

என் தீர்ப்பு இதுதான். பத்துப் பாட்டில் ஆட்டத்துக்கு ஒன்று நிற்கிறது. மனசுக்கு இரண்டு நிற்கின்றன. மனசுக்கு நிற்கிற இரண்டிலும் பாடுகிறவரும் பாட்டும் ஒரே மண். முகத்தை மாற்றலாம், பெயரை மறைக்கலாம், சொல்லைக்கூடத் திருத்தலாம். வாழ்ந்து வந்த குரலை டூப்ளிகேட் எடுக்க முடியாது.

அந்தப் பெயரில்லாத கேசட் அட்டை ஞாபகம் இருக்கிறதா? ஐரோப்பா பாபியைப் பார்த்துக்கொண்டே கேட்டது. அதனால் பின்னால் ஏமாந்த மாதிரி உணர்ந்தது. நம் ஊரில் பெரும்பாலோர் பாபியைப் பார்த்ததே இல்லை. முகம் வந்து சேராத ஊரில் குரல் மட்டும் வந்து சேர்ந்தது. போனி எம் என்றால் நமக்கு அந்தப் பெண் குரல்தான். நம்மை யாரும் ஏமாற்ற முடியவில்லை, ஏனென்றால் நம்மிடம் யாரும் எதையும் காட்டவில்லை! ஆனால் அந்தப் பெண்ணின் பெயரையும் நமக்கு யாரும் சொல்லவில்லை.

இது ஏதோ ஜெர்மன் சமாசாரம் என்று பேப்பரை மடித்து வைத்துவிடாதீர்கள். தமிழ் சினிமாவில் பாட்டுக்கு மரியாதை கிடைத்த மாதிரி பேச்சுக்குக் கிடைக்கவில்லை. வருஷக்கணக்காகக் கதாநாயகிகளுக்குப் பின்னணி பேசியவர்கள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? சிம்ரன் பேசுகிறார், ஜோதிகா பேசுகிறார் என்று நாம் உருகிய பல படங்களில் பேசியவர் சவீதா ரெட்டி. மாநில அரசு விருதில் பின்னணிக் குரலுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இருந்தும், டைட்டில் கார்டில் அந்தப் பெயர் ஓடும்போது நாம் பாப்கார்ன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இப்போதெல்லாம் பாட்டு செல்போனில் ஓடுகிறது. ஒரு சின்னப் படமும் குழுவின் பெயரும்தான் கண்ணில் படுகின்றன. அந்த பால்பாயின்ட் பேனா அட்டையிலிருந்து நாம் ரொம்ப தூரம் வந்துவிடவில்லை. அடுத்த முறை 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' எங்காவது கேட்டால், பக்கத்தில் இருக்கிற பிள்ளை 'யாருப்பா பாடுறது?' என்று கேட்கலாம். 'போனி எம்' என்று சொல்லாதீர்கள். போனி எம் பாடாது, அது கம்பெனி.

பாடுவது லிஸ் மிட்செல்.